கோடி ரூபாய் விளம்பரமும் கொஞ்சூண்டு தயக்கமும்

"செம விளம்பரம்டா!" என்று நாம் சொல்வதும், அதற்குக் காசு கொடுத்த கம்பெனிக்காரர் சொல்வதும் ஒன்றல்ல. நமக்குச் சிரிப்பு வந்தால் போதும், கண் கலங்கினால் இன்னும் நல்லது. அவருக்குச் சரக்கு போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்டால், ஐபிஎல் சீசனில் தினமும் நாலு மணி நேரம் விளம்பரம் பார்க்கிறேன் (நடுநடுவே கிரிக்கெட்டும் காட்டுகிறார்கள்) என்பதுதான் :-)

முதலில் காசு விஷயம். 2022 ஜூன் மாதம் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை ஏலம் விட்டார்கள். 2023 முதல் 2027 வரை ஐந்து சீசன், மொத்தம் 410 ஆட்டம் என்று கணக்கு. நம் பக்கத்து நாடுகளையும் சேர்த்து டிவியில் காட்டும் உரிமை மட்டும் 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. மொபைலில் காட்டும் உரிமை தனி. வகுத்துப் பாருங்கள், ஒரு ஆட்டத்துக்கு 57.5 கோடி. பிளேயர் சம்பளமோ கேமரா வாடகையோ இதில் இல்லை, காட்டுவதற்கான அனுமதிக்கு மட்டும் இவ்வளவு. இந்தக் காசை எடுக்கத்தான் ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில், விக்கெட் விழுந்த இடத்தில், டைம்-அவுட்டில் எல்லாம் நேரத்தைப் பத்துப் பத்து விநாடியாக அறுத்து விற்கிறார்கள். விளம்பரம் என்றதும் நமக்கு நடிகர் சம்பளமும் வெளிநாட்டு ஷூட்டிங்கும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் படம் எடுக்கிற செலவு ஒரு தடவை. அதைக் காட்டுகிற செலவு ஒவ்வொரு தடவையும்.

இவ்வளவு காசைக் கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவது? ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் 'நீள்பயன் வருவாயினச் செலவு' என்று ஒன்று படித்திருப்போம், ஞாபகம் இருக்கிறதா? புதுப் பொருளுக்குப் பெரிய அளவில் விளம்பரம் செய்தால் அதன் பலன் மூன்று முதல் ஐந்து வருஷம் வரை வரும், அதனால் செலவையும் அத்தனை வருஷத்துக்குப் பிரித்து எழுதலாம் என்று ஒரு உதாரணம் தப்பாமல் வரும். கல்லூரிக்கு வந்து கணக்கியல் தரநிலைகளைத் தொட்டதும் கதை மாறியது. ஏஎஸ் 26 ஆகட்டும், இன்ட் ஏஎஸ் 38 ஆகட்டும், விளம்பரச் செலவைச் சொத்தாகக் காட்டாதே, செலவான வருஷத்திலேயே எழுதித் தள்ளு என்கின்றன. காரணம், பலன் வருமா, எவ்வளவு வரும் என்று யாராலும் நம்பகமாக அளக்க முடியாது. உலகம் முழுக்க இருக்கும் கணக்காளர்கள் கூடி யோசித்து, "தெரியலப்பா" என்று கையை விரித்த இடம் இது. விளம்பரக்காரர்கள் மட்டும் கோட் போட்டுக்கொண்டு மேடையேறி விருது கொடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் மார்க்கெட்டிங் புத்தகத்தில் கவனம், ஆர்வம், ஆசை, செயல் என்று நாலு படி போட்டிருக்கும். பரீட்சையில் பத்து மார்க்குக்கு ஆகும். அந்த வகுப்பில் ஆப்பிள் கம்பெனியின் 1984 விளம்பரத்தையும் தவறாமல் போட்டுக் காட்டுவார்கள். ரிட்லி ஸ்காட் எடுத்தது, சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே தேசிய அளவில் ஒரே ஒரு முறை ஓடியது, சம்மட்டி பறந்து போய்த் திரையை உடைக்கும். பிரமாதமான படம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வருஷக் கடைசியிலேயே மெக்கின்டாஷ் விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, அடுத்த வருஷம் ஸ்டீவ் ஜாப்ஸே கம்பெனியை விட்டுப் போனார் என்பதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

அதனால் நானாக ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். காசு கொடுத்து ஒன்றை வாங்கப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தயக்கம் இருக்கும். ஏமாற்றிவிடுவானோ, நமக்கெல்லாம் சரிப்படுமா, நாலு பேர் என்ன நினைப்பார்கள், இதே விலைக்கு வேறு கடையில் இன்னும் நல்லதாகக் கிடைக்குமோ... அந்தத் தயக்கத்தை ஒரு விளம்பரம் சரியாகக் கண்டுபிடித்து அதன் மேல் கை வைத்தால் அது வேலை செய்கிற விளம்பரம். கை வைக்கவில்லை என்றால், எவ்வளவு கோடி கொட்டினாலும் அது முப்பது விநாடிக் குறும்படம். கம்பெனி காசில் நமக்கு ஓசிப் படம், அவ்வளவுதான்.

இதற்கு நான் பார்த்த வரையில் அருமையான உதாரணம் 1994-ல் வந்த கேட்பரி டெய்ரி மில்க் விளம்பரம். நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பு வந்தது, யூடியூபில்தான் பார்த்தேன். பேட்ஸ்மேன் சிக்ஸர் அடிக்கிறான், கூட்டத்தில் இருந்த ஒரு பெண் பாதுகாப்புக்காரரை ஏய்த்துவிட்டு மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடி வருகிறாள், அவள் கையில் சாக்லேட். ஓகில்வி நிறுவனத்தின் பியூஷ் பாண்டே (2025 அக்டோபரில் காலமானார்) செய்தது. இதில் சாக்லேட் இனிப்பானது, பால் சேர்த்தது என்று எதுவும் கிடையாது. ஏனென்றால் அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்றைக்கு இருந்த தயக்கம் வேறு. சாக்லேட் குழந்தைகள் சாப்பிடுகிற சமாச்சாரம், பெரியவர்கள் கடையில் தனக்கென்று கேட்டு வாங்கக் கூச்சப்பட்டார்கள். அந்தப் பெண்ணும் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட வேண்டிய இடத்தில்தான் அப்படி ஒரு ஆட்டம் போடுகிறாள்! அவள் ஆடும்போது நமக்கு முகம் மலர்கிறது இல்லையா, அந்த மலர்ச்சியோடு சேர்ந்து வளர்ந்தவர்களின் கூச்சமும் போகிறது. வாங்காமல் இருந்த ஒரு பெரிய கூட்டத்துக்கு அனுமதிச் சீட்டு கொடுத்த விளம்பரம் அது.

அதே கம்பெனிக்கு 2003-ல் வேறு சோதனை வந்தது. மகாராஷ்டிரத்தில் சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார், நாடு முழுக்கச் செய்தி. இப்போது தயக்கம் 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' அல்ல, 'உள்ளே புழு இருக்குமோ'. இதற்குப் பெண்ணை ஆட வைத்தால் நடக்குமா? அவர்கள் சாக்லேட் சுற்றும் உறையையே மாற்றினார்கள். சூடு வைத்து ஒட்டும் அலுமினிய உறை போட இயந்திரம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு, 2004-ல், அமிதாப் பச்சனை வைத்துப் பேசச் சொன்னார்கள். இந்த வரிசைதான் முக்கியம். உறை மாறாமல் அமிதாப் மட்டும் வந்திருந்தால், "இவருக்கென்ன, காசு வாங்கிட்டுச் சொல்றாரு" என்று மக்கள் போயிருப்பார்கள்.

(2021-ல் அந்தக் கிரிக்கெட் விளம்பரத்தைத் திருப்பிப் போட்டு, பெண் சிக்ஸர் அடிக்க ஆண் ஆடிக்கொண்டு ஓடி வருவதாக எடுத்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பிடித்தது. ஆனால் 2021-ல் சாக்லேட் சாப்பிட யாருக்குத் தயக்கம்? நல்ல பெயர் வாங்கித் தந்திருக்கும். 1994-ல் பார்த்த வேலையை அது பார்த்திருக்க முடியாது.)

நம் ஊருக்கு வருவோம். லலிதா ஜுவல்லரி விளம்பரத்தைக் கிண்டல் செய்யாத ஆள் தமிழ்நாட்டில் இருக்கிறாரா? எங்கள் கல்லூரி கல்ச்சுரல்ஸில் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. முதலாளி கிரண்குமார் தானே வந்து நிற்பார். மொட்டைத் தலை, செட் பெரிதாகக் கிடையாது, நேராகக் கேமராவைப் பார்த்துப் பேச்சு. எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு போங்கள், நாலு கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் வந்து வாங்குங்கள் என்பதுதான் விஷயம்.

சினிமாவாகப் பார்த்தால் இதற்கு மார்க் போட முடியாது. ஆனால் நகைக் கடையில் நம் அம்மாக்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி, செய்கூலி இவ்வளவு, சேதாரம் இத்தனை சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் என்று சொல்லிக்கொண்டே போவார். தங்கம் விலை பேப்பரில் வருகிறது, அதில் ஏமாற்ற முடியாது. சேதாரத்தில்தான் கடைக்குக் கடை வித்தியாசம், அது எப்படி வந்தது என்று யாருக்கும் புரியாது. கேட்டால் கௌரவக் குறைச்சலோ என்று தோன்றும். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தலையாட்டி விடுவார்கள். அந்த இடத்தில் கை வைத்த விளம்பரம் இது. "சந்தேகப்படு, தப்பில்லை" என்று கடைக்காரரே சொல்கிறார். மற்ற கடைகள் பட்டுப்புடவை கட்டிய நடிகையையும் அரண்மனை செட்டையும் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர் காசைப் படம் எடுப்பதில் போடாமல் திரும்பத் திரும்பக் காட்டுவதில் போட்டார். உண்மையில் எத்தனை பேர் சீட்டை எடுத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கினார்களோ தெரியாது. அது தேவையும் இல்லை. அப்படிச் செய்யச் சொல்கிற தைரியம் இருக்கிறதே என்ற எண்ணம் போதும்.

அடுத்தது சரவணா ஸ்டோர்ஸ். தமன்னா, ஹன்சிகா என்று நாயகிகளை வைத்து, நடுவில் முதலாளி சரவணன் அருளே கலர் கலராக உடுத்தி ஆடிய விளம்பரங்கள் வந்தபோது இணையத்தில் ஓட்டாத ஆள் இல்லை. "இவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்பதுதான் பொதுவான கேள்வி. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குடும்பத்துக்குள் பிரிந்து, சென்னையில் சரவணா என்ற பெயரிலேயே பல கடைகள் உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் தி.நகரில் இறங்கினால் எந்த சரவணா என்று தலை சுற்றும். இதுதான் அங்கே இருந்த தயக்கம், இல்லை, குழப்பம். நடிகையை எந்தக் கடையும் காசு கொடுத்துக் கூட்டி வரலாம். முதலாளி முகத்தை மட்டும் பக்கத்துக் கடைக்காரர் வாடகைக்கு எடுக்க முடியாது. நாம் சிரித்துச் சிரித்து அந்த முகத்தை 'லெஜண்ட்' என்ற பெயரோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டோம். டிரேட் மார்க் சட்டம் படிக்கிற நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இதை நிரூபிப்பது போல இன்னொன்றும் நடந்தது. அந்த விளம்பரங்களை எடுத்த ஜேடி-ஜெர்ரியே இயக்க, அதே சரவணன் நடித்து, 2022 ஜூலையில் 'தி லெஜண்ட்' படம் வந்தது. செலவு விளம்பரத்தைவிடப் பல மடங்கு. படம் எடுபடவில்லை. முகம் அதேதான், பிரம்மாண்டமும் அதேதான். விளம்பரத்தில் அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது, கடையில் மலிவு விலையில் பாத்திரம் முதல் பட்டு வரை இருந்தது. படத்தில் அது இல்லை.

சரி, எல்லோருக்கும் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். வோடஃபோன் ஜூஜூ. 2009-ல் தேர்தல் காரணமாக ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன சீசன். முட்டைத் தலை, வெள்ளை உடம்பு, புரியாத பாஷை. பல பேர் இன்னும் அது அனிமேஷன் என்றே நினைக்கிறார்கள். கிடையாது. ஆட்களுக்கு உடை மாட்டி, கேப்டவுனில் வைத்து பிரகாஷ் வர்மா எடுத்தது. சீசன் முழுக்க நாளுக்கு ஒன்றாகப் புதிது வரும்படி முப்பது சொச்சம் எடுத்து வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது, அந்தப் பொம்மை படம் போட்ட பென்சில் பாக்ஸ் வேண்டும் என்று அழுதது மட்டும் ஞாபகம்.

இதில் நான் மெச்சுவது பொம்மையை அல்ல. ஒவ்வொரு படமும் ஒரே ஒரு சேவையை மட்டும் விளக்கியது. கிரிக்கெட் அலர்ட், பியூட்டி அலர்ட், போன் பேக்கப் இப்படி. அந்தக் காலத்தில் இதெல்லாம் மக்களுக்குப் புரியாத சமாச்சாரம், எதையாவது அமுக்கினால் பேலன்ஸ் போய்விடும் என்ற பயம் வேறு. பாஷையே இல்லாமல், மொழி தெரியாதவருக்கும் அரை நிமிஷத்தில் புரியும்படி காட்டினார்கள். தமிழுக்கு ஒன்று, இந்திக்கு ஒன்று என்று டப்பிங்கும் தேவைப்படவில்லை. காசை எங்கே போட்டோம், எதை மிச்சம் பிடித்தோம் என்பதில் இவ்வளவு தெளிவான பெரிய பட்ஜெட் விளம்பரம் குறைவு.

ஆனாலும் பாருங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்கு ஜூஜூ மாதிரி ஒரு பொம்மை தேவைப்படவில்லை. இலவசம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். 2018-ல் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. 2020-ல் இரண்டு பெயரும் போய் 'வி' ஆனது. நிலுவைத் தொகையைப் பங்குகளாக மாற்றி மாற்றி, 2025-ல் அந்தக் கம்பெனியில் மத்திய அரசின் பங்கே ஏறக்குறைய 49 சதவீதம் என்ற நிலை. இந்தியாவின் மிகச் சிறந்த விளம்பரங்களை வரிசையாகக் கொடுத்த கம்பெனி அது. (அதற்கு முன்னால் ஹட்ச் என்ற பெயரில் இருந்தபோது பையன் பின்னாலேயே ஓடிய நாய்க்குட்டியும் இவர்கள்தான்.) விளம்பரம் தோற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. போன் பேச காசா என்ற கேள்வி வந்த பிறகு, பியூட்டி அலர்ட் பற்றிய தயக்கத்தை யார் தீர்த்தால் என்ன?

இப்போது கொஞ்சம் தியரி. தூக்கம் வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பெரிய செலவே ஒரு சேதிதான் என்று பொருளாதாரத்தில் ஒரு வாதம் உண்டு. பிலிப் நெல்சன் என்பவர் 1974-ல் எழுதியது. சோப்பு, ஷாம்பு, பிஸ்கெட் மாதிரி பயன்படுத்திப் பார்த்தால்தான் தரம் தெரியும் என்கிற பொருளுக்கு ஒருவன் கோடி கோடியாக விளம்பரம் செய்கிறான் என்றால், விளம்பரத்தில் என்ன சொல்கிறான் என்பதே முக்கியமில்லை. ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வாங்குவார் என்ற நம்பிக்கை இல்லாதவன் இவ்வளவு காசைக் கரைக்க மாட்டான். ஆகவே செலவைப் பார்த்தே தரத்தை ஊகிக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் "டிவில வருதுல்ல, நல்ல கம்பெனியாத்தான் இருக்கும்" என்று சொல்வது இதே தியரிதான். அவர்கள் நெல்சனைப் படிக்கவில்லை.

வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எரிகிற காசு அவனுடைய காசாக, வியாபாரத்தில் திரும்ப எடுக்க வேண்டிய காசாக இருக்க வேண்டும். முதலீட்டாளர் கொடுத்த காசாக இருந்தால்? 2000 ஜனவரியில் பெட்ஸ்.காம் என்ற அமெரிக்கக் கம்பெனி சூப்பர் பவுல் ஆட்டத்தில் விளம்பரம் போட்டது. சாக்ஸ் துணியில் செய்த நாய்ப் பொம்மை, எல்லோருக்கும் அதைப் பிடித்தது. பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது. நவம்பரில் கடையை மூடியது. மூட்டை மூட்டையாக நாய்த் தீனியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதில் லாபம் நிற்கவில்லை. பொம்மை அதற்கு என்ன செய்யும்?

நம் நாட்டில் பைஜூஸ். 2017-ல் ஷாருக் கான், 2019-ல் இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சி, 2022-ல் கத்தார் உலகக் கோப்பை கால்பந்து ஸ்பான்சர், அதே வருஷம் நவம்பரில் மெஸ்ஸி. 2022 செப்டம்பரில், ஒன்றரை வருஷம் தாமதமாக வெளியான 2020-21 கணக்கில் நஷ்டம் 4,588 கோடி. 2024 ஜூலையில் ஜெர்சிக்கான பாக்கி 158 கோடி சொச்சத்தைத் தரவில்லை என்று கிரிக்கெட் வாரியமே போட்ட மனுவில் திவால் நடவடிக்கை தொடங்கியது. விளம்பரம் செய்ததற்கான பாக்கியிலேயே கம்பெனி விழுந்த கதை, கணக்கு வாத்தியார்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

என் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடம் வருகிறது. பைஜூஸ் விளம்பரம் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே வேலை செய்தது. போனில் பாடம் படித்தால் பையனுக்கு ஏறுமா, இவ்வளவு பணம் கட்டலாமா, கம்பெனி நிற்குமா என்று ஒரு அப்பாவுக்கு நியாயமான தயக்கம் இருந்தது. இந்திய அணியே நெஞ்சில் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடும்போது அந்தத் தயக்கம் போய்விட்டது. பெற்றோரை வற்புறுத்தி விற்றதாகவும் கடன் வாங்க வைத்ததாகவும் வந்த புகார்களை வைத்து 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கம்பெனித் தலைவரை அழைத்தது. அந்த அப்பாவுக்கு அந்தத் தயக்கம் இருந்திருக்கலாம். அது அவருக்குப் பாதுகாப்பு. சாக்லேட் கூச்சமும் தயக்கம், இதுவும் தயக்கம். விளம்பரக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மியூச்சுவல் ஃபண்டு விளம்பரம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஷேர் மார்க்கெட் என்றால் சூதாட்டம் என்று நினைக்கும் குடும்பங்களைக் குறிவைத்து 2017 மார்ச்சில் ஃபண்டு கம்பெனிகளின் சங்கம் ஆரம்பித்தது. இதற்கான காசு முதலீட்டாளர் பணத்திலிருந்தே வருகிறது. சொத்து மதிப்பில் வருஷத்துக்கு 0.02 சதவீதத்தை முதலீட்டாளர் விழிப்புணர்வுக்கு ஒதுக்க வேண்டும் என்பது செபி விதி. அந்த மாதம் எஸ்ஐபி மூலம் வந்தது சுமார் 4,300 கோடி, 2025-ல் மாதம் 25,000 கோடியைத் தாண்டிவிட்டது. உடனே "பார்த்தாயா, விளம்பரம்!" என்று குதிக்கக் கூடாது. நடுவில் யுபிஐ வந்தது, போனிலேயே கணக்குத் திறக்கும் ஆப் வந்தது, கோவிட்டுக்குப் பிறகு சந்தையும் ஏறியது. ஆனால் தயக்கத்தைப் போக்கிய அதே விளம்பரம் கடைசியில் அபாய எச்சரிக்கையையும் படிக்கிறது. பல வருஷம் அதை ரயில் வேகத்தில் படித்தார்கள் என்பது வேறு கதை.

சூதாட்ட ஆப்கள் விஷயத்தில் எனக்கு இவ்வளவு நிதானம் வராது. ரம்மி, ஃபேன்டஸி டீம் என்று பல வருஷம் ஐபிஎல் முழுக்க இவைதான் ஓடின. பணம் வைத்து ஆடுவது தப்பு என்பது நம் வீடுகளில் எவ்வளவு பழைய தயக்கம்! சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தாலே பாட்டி திட்டும். அதை உடைக்க அவர்கள் கண்டுபிடித்த சொல் 'திறமை'. கிரிக்கெட் தெரிந்தவன் ஜெயிப்பான் என்றார்கள். சொல்ல வந்தவர்கள் கிரிக்கெட் ஆடுபவர்கள். விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2020 டிசம்பரிலிருந்து, பண இழப்பு ஏற்படலாம், அடிமையாக்கலாம் என்ற எச்சரிக்கை கட்டாயம் வர வேண்டும், சாதாரண வேகத்தில் படிக்க வேண்டும் என்றெல்லாம் விதி போட்டது. படித்தார்கள். யார் காதில் விழுந்தது?

எங்கள் விடுதியில் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர் ஒருவன், செமஸ்டர் ஃபீஸ் கட்ட வீட்டிலிருந்து அனுப்பிய பணத்தை இப்படி ஒரு ஆப்பில் விட்டான். எந்த ஆப் என்பது வேண்டாம். முதலில் 49 ரூபாய் போட்டு ஜெயித்தானாம். அப்பா லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறார். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் ஹால் டிக்கெட் வாங்கினோம். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னது, "தப்பான விஷயம்னா அவரு வந்து நடிப்பாராண்ணே?" ஒரு விளம்பரம் தன் வேலையை இதைவிடச் சுத்தமாகச் செய்ய முடியாது. எந்த விருது விழாவிலும் இதைச் சேர்க்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கென்று நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022-ல் சட்டம் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் வந்து, அந்த நவம்பரிலேயே ரம்மி, போக்கருக்கு அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. விளையாட்டோடு சேர்த்து அதன் விளம்பரத்துக்கும் தடை என்பதுதான் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

சட்டம் வந்த வேகத்தில் இந்திய அணியின் ஜெர்சியிலிருந்து டிரீம்11 போனது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது யார்? பைஜூஸ். 2025 செப்டம்பர் ஆசியக் கோப்பையில் நம் அணி ஸ்பான்சர் பெயரே இல்லாத சட்டையோடு ஆடியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே அப்போலோ டயர்ஸ் அந்த இடத்தை வாங்கிவிட்டது, 2028 மார்ச் வரை சுமார் 579 கோடி என்று செய்தி. டயர் வாங்குகிறவருக்கு என்ன தயக்கம் இருக்கும்? எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் எல்லோரும் பஞ்சர் கடை அண்ணனிடம் கேட்டுவிட்டு அவர் கை காட்டுவதைத்தான் மாட்டுவார்கள். 579 கோடி அந்த அண்ணனை என்ன செய்யப் போகிறது என்று இரண்டு வருஷம் கழித்து அவர்களுடைய ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.